பிறருடைய மந்தை

யாக்கோபு மேய்த்தது தாய்மாமன் லாபானின் ஆடுகளை. மோசே மேய்த்தது மாமனார் எத்திரோவின் ஆடுகளை. தாவீது மேய்த்தது தகப்பன் ஈசாயின் ஆடுகளை. மேய்ச்சல் காட்டிலிருந்து தலைமைக்கு வந்தவர்களாக எபிரேய வேதாகமம் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு) காட்டும் இந்த மூவரில் ஒருவர்கூட, அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட நாள்களில், தம் கண்முன் மேய்ந்த மந்தைக்குச் சொந்தக்காரர் அல்லர்.

மேய்ப்பனைப் பற்றிய பிரசங்கங்களைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். அவற்றில் மேய்ப்பனின் சாந்தம் எப்போதும் அவனுடைய பிறவிக் குணமாகவே பேசப்பட்டது. இப்போது நிர்வாகப் பயிற்சி நடத்துகிறவர்களும் அந்தப் படத்தை இரவல் வாங்கிக்கொண்டு, கீழே வேலை செய்கிறவர்களிடம் இதமாக நடந்துகொள்வது எப்படி என்று வகுப்பெடுக்கிறார்கள். இரு தரப்பாரும் தொடாமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. வேதாகமத்தில் அந்தச் சாந்தத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு நிற்கிறது. ஆடு இன்னொருவருடையது, பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பட்டியில் அடைக்க வேண்டும், குறைந்தால் உடைமைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிய முகபாவம் மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின்படி, காக்கும்படி ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்ட ஆடு திருட்டுப்போனால் அவன் ஈடு கொடுக்க வேண்டும். காட்டு மிருகம் பீறிப்போட்டிருந்தால் பீறுண்டதைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருக்கிறது. பட்டியில் கொள்ளைநோய் வந்தாலோ சிங்கம் அடித்தாலோ மேய்ப்பன் தெய்வத்தின் முன் சத்தியம் செய்து விடுபடலாம். அவனுடைய கவனக்குறைவால் வந்த இழப்பு என்றால் அவன்தான் ஈடுகட்ட வேண்டும். சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ ஒரு காதின் துண்டையோ மேய்ப்பன் பிடுங்கியெடுப்பதுபோல இஸ்ரவேல் தப்புவிக்கப்படும் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னபோது, கேட்டவர்களுக்குப் பகீரென்றிருக்கும். தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்தவர்களுள் ஒருவரான அவருக்கு அந்தக் காதுத் துண்டு எதற்காக என்று நன்றாகத் தெரியும். ஆடு போய்விட்டது, உடைமைக்காரரிடம் காட்டுவதற்கான அத்தாட்சி மட்டும் கையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாக்கோபு லாபானிடம் பொருமுவதைப் படிக்க வேண்டும் (ஆதியாகமம் 31). இருபது வருஷம் உம்மிடத்தில் இருந்தேன், உம்முடைய ஆடுகள் சினையழியவில்லை, உம்முடைய கடாக்களை நான் தின்னவில்லை, பீறுண்டதை உம்மிடம் கொண்டுவராமல் நானே அதற்கு உத்தரவாதம் ஏற்றேன், பகலில் வெயிலும் இரவில் குளிரும் என்னைத் தின்றன, தூக்கம் என் கண்ணைவிட்டுப் போயிற்று என்கிறான். சட்டம் கேட்டதற்கும் மேலே போய் இழப்பைத் தானே சுமந்தான் என்பது அதில் ஒரு வரியாக வந்துபோகிறது. யாக்கோபு சாதுவானவன் அல்லன். அண்ணனை ஏமாற்றியவன், இதே லாபானின் மந்தையிலிருந்து புள்ளியாடுகளையும் வரியாடுகளையும் தன் பக்கம் பெருகச் செய்த தந்திரக்காரன். ஆனாலும் ஆட்டின் விஷயத்தில் அவனுடைய பேச்சு ஒரு தொழிலாளியின் பேச்சு. சினையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுத்தான் தன் வெயிலையும் குளிரையும் பற்றிச் சொல்கிறான்.

அடுத்து வருவதுதான், மேய்ப்பனின் தலைமையைப் பற்றி வேதாகமம் சொன்னவற்றிலேயே நுட்பமான பகுதி என்பது என் எண்ணம். நானூறு பேரோடு எதிரே வந்த அண்ணன் ஏசா, தம்பியைக் கட்டித் தழுவி அழுதபின், சேர்ந்து பயணப்படலாம் வா என்று அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளம்பிள்ளைகள், ஆடுமாடுகள் கறவலாக இருக்கின்றன, இவைகளை ஒருநாளாவது துரிதமாய் ஓட்டினால் மந்தையெல்லாம் மாண்டுபோகும். நீங்கள் முன்னே போங்கள், நான் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் தக்கபடி மெதுவாய் வருகிறேன் என்கிறான். இதில் பாதி சாக்குப்போக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏசா வாழ்ந்த சேயீருக்கு வருகிறேன் என்று சொன்னவன் சேயீருக்குப் போகவில்லை, சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். ஆனால் சாக்குச் சொல்கிறவன் எதிரில் இருப்பவன் மறுக்க முடியாத உண்மையைத்தான் சாக்காக எடுப்பான். ஏசாவும் மந்தைக்காரன்தான், பால்கொடுக்கும் ஆட்டை விரட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நானூறு வீரர்களின் நடை ஒன்று, கறவலாட்டின் நடை ஒன்று. எந்த நடையில் போவது என்பதை மந்தையில் மிக மெலிந்தது தீர்மானிக்கிறது.

ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் இதுவே கடவுளின் நடையாகிறது. ஆட்டுக்குட்டிகளைத் தமது புயத்தினால் சேர்த்து, மடியிலே சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார் என்ற அந்த வசனத்தை இரண்டு தனித்தனிச் செயல்களாக நான் நெடுநாள் வாசித்திருந்தேன். சிவகங்கைப் பக்கத்துச் சாலைகளில் கிடை மாற்றிக்கொண்டு போகும் ஆட்டிடையர்களான கீதாரிகளைப் பார்த்தபிறகுதான் அது ஒரே செயல் என்று புரிந்தது. அன்று ஈன்ற குட்டியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஒருவர் நடப்பார், குட்டி கத்தும், தாயாடு மந்தையோடு முன்னே போகாமல், மடி கனக்க, அவருடைய காலை ஒட்டியே வரும். அவர் நடையைத் தளர்த்தினால்தான் அதனால் வர முடியும். குட்டியைச் சுமப்பதும் தாயை மெதுவாய் நடத்துவதும் ஒரே கையும் காலும் சேர்ந்து செய்கிற வேலை. இத்தனைக்கும் ஏசாயாவின் அந்த வசனம் நாடு கடத்தப்பட்டவர்கள் பாபிலோனிலிருந்து நெடுந்தூரம் திரும்பி நடப்பதைப் பற்றிய பகுதியில் வருகிறது. கைக்குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

மேய்ப்பன் என்றதும் ஞாயிறு பள்ளிப் படங்களில் பச்சைப் புல்வெளி விரிந்திருக்கும். யூதேயாவின் நிலம் அப்படிப்பட்டதன்று. எருசலேம், பெத்லகேம் மலைமுகட்டில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே ஒரு நாள் நடையில் இருக்கும் சாக்கடல் கரையில் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சரிவுகளில் தலைகாட்டும் மெல்லிய புல் கோடை வந்தவுடன் கருகிவிடும். புல்லுள்ள இடமும் அமர்ந்த தண்ணீரும் 23ஆம் சங்கீதத்தில் தானாகக் கிடைத்தவை அல்ல. எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது எது இருக்கும் என்று முன்கூட்டியே அறிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு போனதால் கிடைத்தவை. கோலும் தடியும் தேற்றும் என்று அதே சங்கீதம் சொல்வதை வைத்துக்கொண்டு, அடிப்பதும் அன்புதான் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். மரண இருளின் பள்ளத்தாக்கில் நடக்கும்போது வருகிற வரி அது. அந்தத் தடி அங்கே எதன்மீது விழும் என்பது ஆட்டுக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்து அரசர்களும் தங்களை மேய்ப்பர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஹம்முராபி தன் சட்டத்தின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்கிறான். அந்தக் கருங்கல் தூண் 1901இல் ஈரானின் சூசா நகரில் தோண்டியெடுக்கப்பட்டு இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எகிப்தின் பார்வோன்கள் வளைந்த மேய்ப்பன் கோலை அரச சின்னமாக மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். அதே எகிப்தியருக்கு மேய்ப்பர்கள் அருவருப்பானவர்கள் என்று ஆதியாகமம் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆக, உருவகம் இஸ்ரவேலின் கண்டுபிடிப்பு அன்று. அதை அவர்கள் பயன்படுத்திய விதம் வேறு. ஆண்டுகொண்டிருந்த எந்த இஸ்ரவேல் அரசனும் ‘மேய்ப்பன்’ என்பதைப் பட்டப்பெயராகச் சூடிக்கொண்டதாக வேதாகமத்தில் இல்லை. அந்தப் பெயரைக் கடவுளுக்கு வைத்துக்கொண்டு, அரசர்களுக்கு அதை வேலையாகக் கொடுத்தார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாதபோது அதே சொல்லால் வைதார்கள்.

மோசேயிடம் வருகிறேன். யாத்திராகமத்துக்கான பழைய யூத விளக்கவுரையான மித்ராஷில் ஒரு கதை உண்டு. எத்திரோவின் மந்தையிலிருந்து ஒரு குட்டி தப்பியோடுகிறது. மோசே பின்தொடர்ந்து ஓடுகிறார். அது ஒரு நீர்நிலை அருகே நின்று குடிக்கிறது. உனக்குத் தாகம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே, களைத்துப் போயிருப்பாய் என்று சொல்லி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். மனிதருடைய மந்தையை இவ்வளவு இரக்கத்தோடு நடத்துகிற நீ என் மந்தையையும் மேய்ப்பாய் என்று கடவுள் அவரைத் தெரிந்துகொண்டாராம். இந்தக் கதை வேதாகமத்தில் இல்லை. ஆனால் வேதாகமத்தைக் கூர்ந்து வாசித்தவர்கள் கட்டிய கதை. ஓடிப்போன ஆட்டுக்கு ஒரு காரணம் இருந்தது என்றும் அதை மேய்ப்பன் கவனிக்கத் தவறினான் என்றும் அதில் ஒத்துக்கொள்ளப்படுகிறது. தப்பியோடியதற்கு அதட்டல் இல்லை.

வனாந்தரத்தில் மக்கள் தண்ணீருக்கும் இறைச்சிக்கும் முறையிட்டபோது மோசேக்கு அந்தப் பொறுமை எப்போதும் வாய்க்கவில்லை. எண்ணாகமம் 11இல், இந்த ஜனங்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், பால்குடிக்கிற குழந்தையைப் போல இவர்களை என் மார்பிலே அணைத்துக்கொண்டு போ என்கிறீரே என்று கடவுளிடம் வெடிக்கிறார். இவர்கள் என்னுடையவர்கள் அல்லர், உம்முடையவர்கள் என்பதுதான் அந்தக் கோபத்தின் உட்பொருள். மேய்ப்பன் உடைமைக்காரரோடு சண்டை போடுகிறான். அதற்குக் கடவுள் தண்டனை தரவில்லை, சுமையைப் பங்கிட எழுபது மூப்பர்களைத் தந்தார். ஆனால் 20ஆம் அதிகாரத்தில் கோபம் திசைமாறி மக்கள்மீது விழுகிறது. கன்மலையோடு பேசு என்று சொல்லப்பட்டவர், கலகக்காரரே கேளுங்கள் என்று கூட்டத்தை ஏசிவிட்டு, கோலால் கன்மலையை இரண்டுமுறை அடிக்கிறார். வாக்குத்தத்த நாட்டுக்குள் போகும் உரிமை அதோடு போயிற்று. எதற்காக இவ்வளவு கடும் தண்டனை என்று உரையாசிரியர்கள் பலவாறு சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், குற்றம் அந்தக் கோபம்தான் என்றார்: தலைவர் சினந்தால், கடவுளே தங்கள்மீது சினந்திருப்பதாக மக்கள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இந்த விளக்கம்தான் பொருந்துகிறது. மேலே இருப்பவரோடு முட்டிக்கொள்ள மேய்ப்பனுக்கு இடம் இருந்தது. கீழே இருப்பவர்கள்மீது அதை இறக்குவதற்கு இல்லை. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

நீ சாகப்போகிறாய் என்று சொல்லப்பட்டபோது மோசே கேட்டது ஒன்றே ஒன்று: கர்த்தருடைய சபை மேய்ப்பனில்லாத மந்தையைப் போல இராதபடிக்கு, அவர்களுக்கு முன்பாகப் போகவும் வரவும் ஒருவனை ஏற்படுத்தும். அவருக்கு இரண்டு மகன்கள் உண்டு, கெர்சோமும் எலியேசரும். அவர்களுடைய பெயர் அந்த வேண்டுதலில் இல்லை. மந்தை தன்னுடையதாக இருந்தால்தானே பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியும்.

தாவீதின் கதையில் மேய்ச்சலும் அரசாட்சியும் மோதிக்கொள்கின்றன. சிங்கமும் கரடியும் ஆட்டைக் கவ்விக்கொண்டு போனபோது பின்தொடர்ந்து அடித்து வாயிலிருந்து தப்புவித்தேன் என்று அரசன் சவுலிடம் சொல்லும் பையன், அண்ணன் எலியாப் ஏளனம் செய்வதுபோலக் ‘கொஞ்ச ஆடுகளை’ மேய்த்தவன்தான். போர்க்களத்துக்கு வருமுன் அந்தக் கொஞ்ச ஆடுகளைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான் என்பதை எழுதியவர் மறக்காமல் குறித்திருக்கிறார். அரண்மனைக்குப் போனபின் கதை மாறுகிறது. அரசன் எப்படி இருப்பான் என்று சாமுவேல் தீர்க்கதரிசி முன்பே எச்சரித்திருந்தார்: உங்கள் குமாரரை எடுப்பான், வயல்களை எடுப்பான், ஆடுகளில் பத்தில் ஒன்று எடுப்பான், நீங்கள் அவனுக்கு வேலையாட்களாவீர்கள். பத்சேபாளின் காரியத்தில் தாவீது அப்படியே எடுத்துக்கொண்டான். அவளுடைய கணவன் உரியாவைப் போரின் முன்னணியில் நிறுத்திக் கொல்லவும் ஏற்பாடு செய்தான். நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்து சட்டம் பேசவில்லை, ஓர் ஆட்டின் கதையைச் சொன்னார். ஏழை ஒருவனுக்கு இருந்த ஒரே பெண் ஆட்டுக்குட்டி; அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப் போல வளர்ந்தது; ஏராளமான ஆடுமாடுகள் வைத்திருந்த பணக்காரன் அதைப் பிடித்துத் தன் விருந்தாளிக்குச் சமைத்தான். தாவீது கொதித்தெழுந்து, அந்த ஆட்டுக்கு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். ஆட்டுத் திருட்டுக்குச் சட்டத்தில் உள்ள தண்டனை அது. மேய்ப்பன் இன்னும் அவனுக்குள் உயிரோடு இருந்ததால்தான் நாத்தானின் கதை வேலை செய்தது.

தாவீதின் பேரன் ரெகொபெயாமுக்கு அந்தப் பயிற்சி எதுவும் இல்லை. அரண்மனையில் பிறந்தவன். நுகத்தை இலகுவாக்கும் என்று மக்கள் கேட்டபோது, இன்று இவர்களுக்கு ஊழியனாகி நல்வார்த்தை சொன்னால் எந்நாளும் உமக்கு ஊழியராய் இருப்பார்கள் என்று முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டு, என் தகப்பன் சவுக்கால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் அன்றே பிரிந்தன. கண்டிப்பான தலைமைதான் ஒற்றுமையைக் காக்கும் என்று வாதிடுகிறவர்கள் 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வழக்காகவே போடுகிறவர் எசேக்கியேல். கி.மு. 597இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களோடு போய், கேபார் நதியோரத்தில் வாழ்ந்தவர். எருசலேம் விழுந்த செய்தி, தப்பிவந்த ஒருவன் வாயிலாக, 33ஆம் அதிகாரத்தில் அவரை எட்டுகிறது. 34இல் மேய்ப்பர்கள்மீது குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. நிணத்தைத் தின்றீர்கள், மயிரை உடுத்தினீர்கள், கொழுத்ததை அடித்தீர்கள், மந்தையை மேய்க்கவில்லை. பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, நோயுற்றதைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததைக் கட்டவில்லை, துரத்துண்டதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை. ஒவ்வொன்றும் கையால் செய்ய வேண்டிய வேலை. இந்தப் பட்டியலில் மனநிலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பல்லவிபோல ‘என் ஆடுகள்’, ‘என் மந்தை’ என்று உடைமைக்காரரின் குரல் திரும்பத் திரும்ப ஒலித்து, ஆடுகளை அவர்கள் கையில் கேட்டு வாங்குவேன் என்பதில் போய் முடிகிறது. லாபான் யாக்கோபிடம் கேட்டதுபோல.

அதே அதிகாரத்தின் பிற்பகுதி இன்னும் சங்கடமானது. பிரசங்கங்களில் அது பெரும்பாலும் வருவதில்லை. தீர்க்கதரிசி மேய்ப்பர்களை விட்டுவிட்டு ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கின்றன; தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்குகின்றன; மெலிந்தவற்றை விலாவினாலும் தோளினாலும் இடித்துக் கொம்பால் முட்டி வெளியே தள்ளுகின்றன. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நியாயம் தீர்ப்பேன் என்கிறார் கடவுள். எல்லாரிடமும் ஒரேமாதிரி இதமாக நடந்துகொள்கிற மேய்ப்பன் மெலிந்த ஆட்டைக் கைவிட்டவன் ஆகிறான். தொட்டியருகே நின்று கொழுத்த கடாவைப் பிடித்துத் தள்ளத் தெரியாதவனுக்கு மேய்ப்பு வேலை ஆகாது.

மனிதரை ஆடுகள் என்பது இழிவாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எபிரேய வேதாகமத்தின் ஆடுகள் வாய்பேசாதவை அல்ல. 80ஆம் சங்கீதம் இஸ்ரவேலின் மேய்ப்பரே என்று அழைத்துவிட்டு, எதுவரைக்கும் கோபமாயிருப்பீர், கண்ணீராகிய அப்பத்தை எங்களுக்கு உண்ணக் கொடுத்தீரே என்று கேட்கிறது. 44ஆம் சங்கீதம் அதற்கும் மேலே போகிறது: எங்களை ஆடுகளைப் போல இரையாக ஒப்புக்கொடுத்தீர், உம்முடைய உடன்படிக்கைக்கு நாங்கள் துரோகம் செய்யவில்லையே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரை பண்ணுகிறீர்? தூக்கம் கண்ணைவிட்டுப் போக இருபது ஆண்டு காவல் காத்தவனின் சந்ததி, மேய்ப்பரைப் பார்த்து ஏன் தூங்குகிறீர் என்று கேட்கிறது. இந்தக் கேள்வி ஆலயத்தில் பாடும் பாட்டாகவே சேர்க்கப்பட்டது.

சகரியா 11ஆம் அதிகாரத்தில் இந்த உருவகம் முறிந்தே போகிறது. கொலையுண்கிற மந்தையை மேய்க்க ஒருவர் நியமிக்கப்படுகிறார். அந்த ஆடுகளை வாங்குகிறவர்கள் கொன்றுவிட்டுக் குற்றமில்லை என்கிறார்கள். விற்கிறவர்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நாங்கள் பணக்காரரானோம் என்கிறார்கள். அவர் இரண்டு கோல்களை எடுத்து, ஒன்றுக்குத் தயவு என்றும் மற்றதற்கு ஒருமைப்பாடு என்றும் பொருள்பட பெயரிட்டு மேய்க்கிறார். கொஞ்ச காலத்தில் அவருக்கும் பொறுமை போகிறது, மந்தைக்கும் அவரைப் பிடிக்காமல் போகிறது. இனி உங்களை மேய்ப்பதில்லை, சாகிறது சாகட்டும் என்று சொல்லித் தயவு என்ற கோலை ஒடிக்கிறார். உங்களுக்கு இஷ்டமிருந்தால் என் கூலியைத் தாருங்கள் என்கிறார். முப்பது வெள்ளிக்காசு நிறுத்துக் கொடுக்கிறார்கள். யாத்திராகமத்தில், மாடு முட்டிச் செத்த அடிமைக்காக அவனுடைய எஜமானுக்குக் கொடுக்க வேண்டிய தொகை அது. அந்தக் காசையும் அவர் ஆலயத்திலேயே எறிந்துவிட்டு, மற்றக் கோலையும் ஒடித்துவிடுகிறார். தயவின் கோல் முதலில் ஒடிந்தது, ஒருமைப்பாட்டின் கோல் அதன் பிறகு ஒடிந்தது என்ற வரிசை தற்செயலானதாக எனக்குப் படவில்லை. ரெகொபெயாமின் கதையிலும் அதே வரிசைதான் இருக்கிறது.